மண்டபத்துக்கு முதலிடம்

ஆகஸ்ட் 11, திங்கள்

இனி ஏணியை விற்றுவிடலாம் என்றார் கோட்டும் டையுமாக வந்த விற்பனைக்காரர். கருத்தரங்கக் கூடமே கைதட்டியது. எங்கள் பேராசிரியர்கள் கைதட்டுவதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். தாளாளரின் கை அசைகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்த பிறகுதான் தட்டத் தொடங்குவார்கள்.

விஷயம் இதுதான். கல்லூரியில் பதினோரு கட்டடங்கள், இணையத்தைப் பிரித்தனுப்பும் இருநூற்றுப் பன்னிரண்டு நெட்வொர்க் சுவிட்சுப் பெட்டிகள். இதுவரை ஒவ்வொரு பெட்டியும் எதை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தானே முடிவு செய்தது. ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது எல்லாப் பெட்டிகளின் மூளையையும் எடுத்து ஒரே கணினியில் வைத்தாகிவிட்டது. அதற்குக் கன்ட்ரோலர் என்று பெயர். அது நெட்வொர்க் பொறுப்பாளரான என் அறையில் இருக்கும். நான் ஒரு விதி எழுதினால் இருநூற்றுப் பன்னிரண்டும் அந்த நொடியே கீழ்ப்படியும். யோசனையில் பிழை இல்லை. படிக்கிற காலத்தில் நானே இதற்கு ஆசைப்பட்டவள்தான்.

"அப்ப நம்ம காலேஜ் மாதிரியேன்னு சொல்லுங்க" என்றார் நிர்வாக அலுவலர் குருநாதன். தாளாளரின் மச்சினர். "மாமா ஒரு வார்த்தை சொன்னா இருநூறு பேரும் தலையாட்டணும். மூளை எதுக்கு ஆளுக்கொண்ணு?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் உதட்டை அசைத்துவைத்தேன்.

வெளியே வந்தபோது ஞானதிரவியம் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். டெக்னீஷியன், இருபத்தாறு வருட சர்வீஸ். எந்தப் பெட்டி எந்தக் கூரைக்கு மேல் இருக்கிறது என்று வரைபடம் இல்லாமல் சொல்லக்கூடியவர் இங்கே அவர் ஒருவர்தான். "ஏணிய விக்கதா இருந்தா என்னையும் சேத்து ஒரு வெல சொல்லிருங்க மேடம். ரெண்டும் ஒரே வயசுதான்" என்றார்.

குவார்ட்டர்ஸில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. புகார் புத்தகத்தில் எழுதிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சுற்றறிக்கை வந்துவிட்டது. 28ஆம் தேதி தாளாளர் மகள் திருமணம், கல்லூரி மண்டபத்தில். அன்று எல்லா ஊழியர்களுக்கும் "பணி" உண்டு. இயற்பியல் துறை வாகன நிறுத்தம். தமிழ்த் துறை வரவேற்பு, பன்னீர், சந்தனம். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிய இருவர் பந்தியில் இலை மேற்பார்வை. யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. பன்னீர்ச் செம்பு தனக்கா இன்னொருவருக்கா என்று ஒரு இணைப் பேராசிரியர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு நேரலை. மாப்பிள்ளை வீட்டார் பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கிறார்களாம். முகூர்த்தம் பத்தரை முதல் பன்னிரண்டு. ஒரு நொடிகூடத் திக்கக் கூடாது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாவு புளித்துப் பொங்கி ஃபிரிட்ஜ் முழுவதும் வழிந்திருந்தது. துடைத்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நேரலை ஒத்திகை. நான் எழுதியிருந்த விதி நியாயமானது: மண்டபத்துக்கு முதலிடம், மற்றவை வரிசையில் காத்திருக்கட்டும். மஸ்கட்டிலிருந்து என் கணவரையே பார்க்கச் சொன்னேன். நன்றாக வருகிறது என்றார். ஆனால் யாரோ ஒரு சம்பந்தி வீட்டுச் சித்தப்பா, நாதஸ்வரக்காரர் வாய் ஒரு நொடி அசையாமல் நின்றது என்று சொல்லிவிட்டார்.

குருநாதன் என் அறைக்கே வந்துவிட்டார். "என்ன மேடம், எத்தனை லட்சத்துக்கு வாங்கின மெஷின் இது? நாதஸ்வரம் வாயத் தொறந்தா மூட மாட்டேங்குது! மத்ததெல்லாம் எதுக்கு ஓடணும் அன்னைக்கு? நிறுத்தித் தொலைங்க. வேற ஒரு பய இதுல கை வைக்கவும் கூடாது. ஒங்க ஒருத்தர் பாஸ்வேர்டுதான்."

சரி என்றேன். வாதாடுவதற்கும் ஒரு மரியாதையான எதிராளி வேண்டும்.

"காத்திருக்கட்டும்" என்ற இடத்தில் "நிறுத்து" என்று மாற்றப்பட்டது. மற்ற லாகின்கள் பூட்டப்பட்டன.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. விடுமுறை என்று பெயர். எல்லோரும் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாளை சீர்த்தட்டு தூக்க இருபத்தொரு பெண் ஊழியர்களுக்கு ஒரே நிறத்தில் பட்டுப்புடவை கொடுத்தார்கள். நானும் ஒருத்தி. தேர்ந்தெடுக்க வந்த அம்மாள், "வீட்டுக்காரர் இருக்காருல்ல?" என்று கேட்டார். மஸ்கட்டில் என்றேன். எங்கேயாவது இருந்தால் போதுமாம். எனக்குப் பக்கத்தில் நின்ற வேதியியல் துறைத் தலைவியிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவர் கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவரிடம் விருந்தினர் அறைச் சாவிக்கொத்தைக் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார். நான் புடவையை வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் டெக்னீஷியன் திரவியம் வந்தார். "சி பிளாக்ல நாளைக்கி வேலைத் தேர்வு மேடம். வெளி ஏஜென்சி நடத்துது. தொண்ணூத்தாறு பிள்ளைக. அதை மட்டும் நிறுத்தாம விட்டுருங்க."

தெரியும் என்றேன்.

புடவை மாம்பழ மஞ்சள் நிறம். எனக்குப் பொருந்தாது என்று நினைத்தேன். பொருந்துகிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

திருமணம் நடந்தது. சி பிளாக்கில் ஏதோ தடங்கலாம். தலைவலி.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நேற்று 10.15க்கு சி பிளாக் தேர்வுக்கூடத்தில் எல்லாத் திரைகளும் உறைந்துவிட்டன. 10.56க்கு உயிர் வந்தது. நாற்பத்தொரு நிமிடம். பிள்ளைகள் எழுந்து கத்தியிருக்கிறார்கள். ஒரு பெண் மயங்கி விழுந்திருக்கிறாள். அந்த இடைவெளியில் கேள்விகள் வெளியே போயிருக்கலாம் என்று ஏஜென்சி தேர்வையே நிறுத்திவைத்துவிட்டது.

10.56க்கு உயிர் கொடுத்தது திரவியம். என்னை ஏழு முறை கூப்பிட்டிருக்கிறார். தட்டு தூக்குகிறவர்கள் செல்ஃபி எடுத்து வீடியோவைக் கெடுத்துவிடுவார்கள் என்று எங்கள் கைப்பேசிகளை ஒரு கூடையில் வாங்கி வைத்திருந்தார்கள். மண்டப வாசலுக்கு ஓடி வந்திருக்கிறார். பணிப் பட்டியலில் பெயர் இல்லையென்று காவலாளி உள்ளே விடவில்லை. திரும்பி ஓடி, ஏணி போட்டு ஏறி, சி பிளாக் பெட்டியைக் கன்ட்ரோலரிடமிருந்து கழற்றிவிட்டு, பழையபடி தன் புத்தியில் ஓட விட்டிருக்கிறார். உடனே எல்லாம் வந்துவிட்டது.

சி பிளாக் கண்காணிப்புக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. அதாவது ஏணி பதிவாகியிருக்கிறது.

ஆகஸ்ட் 30, சனி

குருநாதன் கூப்பிட்டார். மேசையில் கல்யாணப் பலகாரம். "சாப்பிடுங்க மேடம், அதிரசம். ஏஜென்சிக்காரன் போலீசுக்குப் போயிட்டான். அவனுக்கு ஒரு ரிப்போர்ட் வேணும். ஒரே பக்கம். அந்த ஆளு பெட்டியத் தொறந்தான்ல? அதை எழுதுங்க. கல்யாணத்தைப் பத்தி எதுக்கு? கல்யாணமான கையோட பொண்ணு பேரு போலீஸ் ஃபைல்ல வந்தா நல்லாவா இருக்கும்?"

"அவர் திறந்ததால்தான் வேலை செய்தது" என்றேன்.

"அப்ப எதனால நின்னுச்சு?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டாள் என்று நினைத்திருந்தேன்; இல்லை. அதிரசம் எண்ணெய் குடித்திருந்தது. கையைத் துடைக்கக் காகிதம்கூட இல்லை.

செப்டம்பர் 1, திங்கள்

அறிக்கை கொடுத்துவிட்டேன். ஏழு வாக்கியங்கள். "10.56 மணிக்கு சி பிளாக் பெட்டி மையக் கட்டுப்பாட்டிலிருந்து முன் அனுமதியின்றிக் கையால் துண்டிக்கப்பட்டது." இதில் பொய் எது என்று யாரும் காட்ட முடியாது. 10.15 பற்றி யாரும் கேட்கவில்லை.

திரவியத்தைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டார்கள்.

தண்ணீர் வந்துவிட்டது. மூன்று வாளி பிடித்து வைத்தேன்.

செப்டம்பர் 3, புதன்

திரவியம் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ரிப்போர்ட்ல எம் பேரு இருக்கா மேடம்?"

"இல்லை."

உண்மை. பெயர் இல்லை.

"அப்பாடா" என்றார். "நீங்க எழுதுததுன்னா சரியாத்தான் இருக்கும்னு வீட்டுக்காரி எஸ்தர்ட்ட சொன்னேன். அவ அழுதுக்கிட்டே இருக்கா. ரொம்ப நன்றி மேடம்."

அந்த நன்றி எனக்கு அருவருப்பாக இருந்தது. இவ்வளவு வருடம் ஒரு இடத்தில் வேலை பார்த்த மனிதன் இப்படியா நம்புவது? கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். கைகூப்புகிறவரிடம் என்ன பேசுவது?

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். கேக் வெட்டினார்கள். போலீஸ் திரவியத்தைக் காலையில் கூட்டிக்கொண்டு போய்ச் சாயங்காலம்வரை உட்காரவைத்துவிட்டு அனுப்பினார்களாம். கேக் கையிலிருக்கும்போதுதான் கேள்விப்பட்டேன். சாப்பிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை.

கன்ட்ரோலர் எதையும் மறக்காது. யார், எந்த நொடியில், எந்த விதியை எழுதினார்கள் என்பதெல்லாம் அதன் லாகில், அதாவது பதிவேட்டில், இருக்கிறது. மண்டப விதி 10.15க்கு அமலுக்கு வந்தது. எழுதியது என் லாகின். சி பிளாக்குக்கு விலக்கு எழுத நான்கு வரி போதும். ஏஜென்சியின் கடிதம் 19ஆம் தேதியே எனக்கு வந்து, "பார்த்தேன்" என்று கையெழுத்திட்டிருக்கிறேன். திரவியமும் நினைவுபடுத்தினார். 27ஆம் தேதி இரவே எழுதியிருக்கலாம். காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். காலை ஆறரைக்குத் தலைபின்ன, பூ வைக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மறந்துவிட்டேன் என்று சொல்வது சுலபம். மறக்கவில்லை. ஒன்பது மணிக்கு, கண்ணாடி முன்னால், நினைவு வந்தது. என் அறைக்குப் போய்வரப் பதினைந்து நிமிடம். கொசுவம் கலைந்துவிடும் என்று தோன்றியது. 10.15க்குள் எப்படியும் போய்விடலாம் என்றும் தோன்றியது. பிறகு கையில் ஆரஞ்சுப்பழத் தட்டைக் கொடுத்துவிட்டார்கள்.

இத்தனை நாள் குருநாதனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் "நிறுத்து" என்றார், அவ்வளவுதான். சி பிளாக் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

கல்யாண வீடியோவை ஊழியர் அறைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டார்கள். ஒரு நொடிகூடத் திக்கவில்லை. நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்புவதும் அடங்குவதும் கண்ணாடிபோல் தெரிகிறது. சீர்வரிசை வருகிறது. பெண்கள் எல்லோரும் என் தோளைத் தட்டி, "மேடம், நீங்கதான் ஹீரோயின்" என்றார்கள். திரையின் மூலையில் 10.36 என்று ஓடுகிறது. தட்டோடு நான். வாசல் பக்கம் ஒருமுறை திரும்புகிறேன். பிறகு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன்.

கழிப்பறைக்குப் போய் வாயைக் கழுவிக்கொண்டேன்.

செப்டம்பர் 13, சனி

குருநாதனிடம் அறிக்கையை மாற்றப்போகிறேன் என்றேன். லாகையும் சேர்த்து அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன்.

அவர் காகிதத்தைத் தொடவில்லை. "மேடம், நீங்க படிச்சவங்க. இன்னும் எட்டு, ஒம்போது வருஷ சர்வீஸ் இருக்கு. அந்த ஆளுக்கு நாங்க ஏதாச்சும் பாத்துப் பண்ணுவோம். கேஸு கீஸெல்லாம் ஆறு மாசத்துல அடங்கிரும். நீங்க எதுக்குத் தேடிப்போயி மாட்டுறீங்க?"

"தேடிப் போகவில்லை. அங்கேதான் இருக்கிறேன்."

"சரி, கொண்டுபோய்க் குடுங்க. இந்தக் கம்ப்யூட்டர் பேப்பர்ல ஒரு எழுத்து புரியுமா ஸ்டேஷன்ல? ஏணி புரியும்." சிரித்தார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

திரவியம் வீட்டுக்குப் போனேன். சர்ச்சிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்கள்; வெள்ளைச் சட்டையோடு நின்றார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையில் என்ன எழுதினேன் என்பதையும்.

எஸ்தர்தான் பேசினார். "பேரு இல்லன்னு சொன்னீங்களே. வந்து சந்தோஷமாச் சொன்னாரு. 'எம் பேரு இல்லட்டி எஸ்தரு, மேடம் எழுதல'ன்னு."

குடிக்கத் தண்ணீர் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவர்களும் கொடுக்கவில்லை.

கிளம்பும்போது திரவியம், "நாளைக்கிப் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துருங்க" என்றார்.

செப்டம்பர் 15, திங்கள்

இன்ஸ்பெக்டர் இல்லை. ஏட்டு ஒருவர் எழுதிக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார்.

"நான்தான் நிறுத்தினேன்" என்றேன்.

"எந்த ஒயரைப் பிடுங்கினீங்க?"

"ஒயரைத் தொடவில்லை."

"சி பிளாக்குக்கு எப்பப் போனீங்க?"

"போகவே இல்லை. மண்டபத்தில் இருந்தேன். விதியை இரண்டு நாள் முன்னாலேயே எழுதிவிட்டேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "ஏம்மா, ரெண்டு நாள் முன்னால எழுதினீங்க, ஆனா அன்னைக்கு நின்னுச்சு. நீங்க அங்க போகல, ஒயரைத் தொடல. இவரு போயிருக்காரு, ஏறியிருக்காரு, தொட்டிருக்காரு, வீடியோ இருக்கு. நீங்க சொல்றத நான் எப்படி எழுத?" லாக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் விளக்கினேன். கன்ட்ரோலர், விதி, முன்னுரிமை. கேட்கக் கேட்க அவர் முகம் மூடிக்கொண்டே வந்தது. குருநாதன் சொன்னது சரி.

அதுவரை சுவரோரம் நின்ற திரவியம் முன்னால் வந்தார்.

"ஐயா, முன்னால ஊருல ஒவ்வொரு முக்குலயும் ஒரு போலீஸ்காரர் நின்னு வண்டிய விட்டாருன்னு வைங்க. இப்ப அத்தனை பேரையும் எடுத்தாச்சு. ஒரே ரூமுல ஒரு அம்மா உக்காந்து ஊருல உள்ள எல்லா சிக்னலையும் அமுக்குதாங்க. பெரிய வீட்டு ஊர்வலம் வருது. ஊர்வலம் போற தெருவத் தவிர எல்லாத்துக்கும் சிவப்பு போடுன்னு மேலிடத்துல சொல்லுதாங்க. அந்தம்மா இத்தனை மணியிலருந்து சிவப்புன்னு முன்கூட்டியே எழுதி வச்சிட்டு, ரூமப் பூட்டிட்டு, ஊர்வலத்துல நடக்கப் போயிட்டாங்க."

ஏட்டு கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "ஆம்புலன்ஸ் வந்தா?"

"வந்துச்சு. தொண்ணூத்தாறு பிள்ளைக அதுல இருந்துச்சு. சாவி அந்தம்மாட்ட. அதான் நான் ஏறி, அந்த ஒரு சிக்னல மட்டும் கழத்திட்டு, கையக் காட்டி விட்டேன்."

"அப்ப ஒங்க மேல எதுக்குய்யா புகார் குடுத்தாங்க?"

"கை காட்டினது நான்தானே ஐயா. வெளியத் தெரிஞ்சது எங் கைதான்."

ஏட்டு எழுத ஆரம்பித்தார். என் குற்றத்தை என்னைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவரின் பக்கத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவர் நின்றுகொண்டிருந்தார். தடங்கல் எனக்கு எப்போது தெரியும் என்று ஏட்டு கேட்டார். முகூர்த்தம் முடிந்து பன்னிரண்டு மணிக்குக் கைப்பேசியை வாங்கியபோது என்றேன். எழுதினார். வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். இனி திரவியத்தைக் கூப்பிடும் அவசியம் இருக்காது, நான்தான் வரவேண்டியிருக்கும் என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் திரவியம் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் நிமிரவில்லை.

"பதினாலு நாளு மேடம். ஊரு பேச்சுக்குப் பயந்து எஸ்தர் தெருக்குழாய்க்குப் போயிப் பதினாலு நாளாச்சு."

சரி என்று தலையசைத்தேன்.

சைக்கிளைத் திருப்பி நிறுத்தினார். "ஒண்ணு கேக்கணும். கேட்டா தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுங்க."

"அன்னைக்கு மண்டப வாசல்ல அந்த செக்யூரிட்டி எஞ் சட்டையப் பிடிச்சி நிறுத்திட்டான். நான் 'மேடம், மேடம்'னு கையத் தூக்கிக் கூப்பிட்டேன். நீங்க தட்டோட திரும்பிப் பாத்தீங்க. மேளச் சத்தத்துல கேட்டிருக்காது. ஆனா என்னப் பாத்தீங்கல்ல?"

மாம்பழ மஞ்சளில் இருபது பெண்கள், முன்னால் பத்து, பின்னால் பத்து. நான் நின்றால் வரிசை நிற்கும். கேமரா எனக்கு நேரே இருந்தது. கைதூக்கி நிற்பவர் யார் என்று எனக்குத் தெரிந்தது. எதற்காக வந்திருக்கிறார் என்பதும் தெரிந்தது.

"பார்த்தேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை.

நான் திரும்ப ஸ்டேஷன் படியேறினேன். ஏட்டு சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா, எதையாவது வச்சிட்டுப் போயிட்டீங்களா?"

"ஒரு வரி தப்பாகச் சொல்லிவிட்டேன் ஐயா. தடங்கல் எனக்குத் தெரிந்தது பன்னிரண்டு மணிக்கு இல்லை, 10.36க்கு. மாற்றி எழுதுங்கள்."